மெஷின் முன்னால் சமர்த்து

கிரேன் நுனியில் ஒரு கண்டெய்னர் அந்தரத்தில் நின்றதையும், கீழே இருந்தவர்கள் வாக்கிடாக்கியில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதையும், கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து "தூங்கிட்டேன் போலப்பா" என்று ஒரு குரல் அசடு வழிந்ததையும் துறைமுகத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இன்று காலை தன் வீட்டு ஜன்னலோர நாற்காலியில், அச்சில் வார்த்தது போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டு. ஒவ்வொரு ஒட்டிலிருந்தும் ஒரு ஒயர். ஐந்து ஒயரும் போய்ச் சேர்கிற இடம் இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டி. ஒரு முழு நாளும் இதயம் துடிப்பதையெல்லாம் அது பதிவு செய்துகொண்டே இருக்கும். நேற்றுப் பிற்பகல் மாட்டியது, இன்று பிற்பகல் கழற்ற வேண்டும்.

இது இரண்டாவது முறை. முதல் முறை மாட்டியபோது குளிக்கப் போகிறேன் என்று கழற்றி வைத்தவர், திரும்ப மாட்ட "மறந்து" போனார். பதிவில் பாதிக்கு மேல் வெறும் நேர்கோடு. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. அறையில் வேலை பார்க்கும் மச்சினி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுபடி பாத்தா மாமா போய்ச் சேர்ந்து அரை நாள் ஆச்சு" என்றாள். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று சிரிக்க டீச்சருக்குத் தெம்பு இல்லை.

டீச்சர் என்பது கிரேன்காரரின் மனைவி. ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். அவள் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் மனப்பாடம் ஆகிவிடும் என்பது ஆசிரியர் அறையில் ஓடும் ஜோக். வீட்டில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் டீச்சர், கோபமாக இருந்தால் டீச்சரம்மா.

"டீச்சரம்மா, அந்த பேப்பரை எடுத்துக் குடேன்" என்றார் இப்போது.

பேப்பர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கையை நீட்டினால் இதயம் ஒரு துடிப்பு கூடுதலாகத் துடித்துவிடும் என்று அவருக்குப் பயம். நேற்றிலிருந்து அப்படித்தான். மாடிப்படி இல்லை, மார்க்கெட் இல்லை, டி.வி.யில் கால்பந்து கூட இல்லை. எப்போதும் போல நடமாடச் சொல்லித்தான் மெஷினை மாட்டி அனுப்பியிருந்தார்கள். தினமும் வானத்துக்கு ஏணி போட்டு ஏறுகிற மனுஷன், கழிவறைக்குக்கூட தவணை முறையில் போய்வந்தார்.

கீழே போய்த் தண்ணீர் கேன் எடுத்து வரச் சொன்னாள். டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்றாராம். எந்த டாக்டர் என்று கேட்டாள். பொதுவாக எல்லா டாக்டரும் சொல்வதுதானே என்றார். விளக்கெண்ணெயில் போட்ட வெண்டைக்காய் மாதிரி எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்குகிற பதில். மொட்டை மாடி வரை ஒருதரம் சேர்ந்து ஏறிவரலாம் என்று கெஞ்சியும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டார்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாதுங்க" என்றாள்.

"நான் தூங்கறேன்."

அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இதயத்தில் ஏதாவது கோளாறு என்று ஒரு தாளில் எழுதப்பட்டால், துறைமுகத்தில் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் லாரிக்குக் கை காட்டுகிற வேலை. இளம் வயதிலிருந்து கடலையும் கப்பலையும் தலைகுனிந்து பார்த்தே பழகிய ஆளுக்கு, லாரி டயரை அண்ணாந்து பார்க்கிற உத்தியோகம். அதைவிட உயிர் போகலாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மகள் அறைக்குள்ளிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டக்காரி, வீட்டில் அவளுக்குப் பெயர் சிட்டு. இன்று பிற்பகல் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அப்பாவின் ஒயர்களைப் பார்த்து, சார்ஜ் ஏறிடுச்சா என்று கேட்டாள். ஏறிக்கிட்டே இருக்கு என்றார் அவர். அப்பாவும் மகளும் ஒரு கட்சி. டீச்சர் எப்போதும் எதிர்க்கட்சி.

"ஜெயிச்சுட்டு வா. ஆனா என்னை ஓடச் சொல்லாதேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போ" என்றார்.

சிட்டு சிரித்துக்கொண்டே படியில் இறங்கிப் போனாள். டீச்சர் விடுப்பு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா என்று அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களிடம் கேட்டாள். பாத்திரங்களும் அவர் கட்சிதான் போலிருந்தது.

*

ஈ.சி.ஜி. அறையில் டீச்சரின் தங்கை, சின்னவள், பெட்டியைக் கழற்றிக் கணினியில் செருகினாள். ஒட்டுகளைப் பிய்த்தபோது நெஞ்சு முடியும் சேர்ந்து வந்தது. கிரேன்காரர் முகம் சுளிக்காமல் புன்னகையோடு இருந்தார். பரீட்சை நன்றாக எழுதிய பையனின் புன்னகை.

திரையில் கோடுகள் வரிசை வரிசையாக ஓடின. சின்னவள் பார்த்துக்கொண்டே வந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் முழுசாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தன் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் படவில்லை என்றாள். பகலெல்லாம் ராத்திரி மாதிரி இருக்கிறது, மாமா என்ன, படுத்தே கிடந்தாரா என்று அக்காவைக் கேட்டாள்.

"உங்க மாமாவைக் கேளு" என்றாள் டீச்சர்.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் கண் அசந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, நாளைக் காலை டியூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார். டீச்சர் பின்னாலேயே வந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"மேலே போய் நீங்க கண்ணசந்தா, கீழே நிக்கிறவங்க தலையில கண்டெய்னர் விழும். அது தெரியுமா உங்களுக்கு?"

கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரல். வராந்தாவில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கிரேன்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். சட்டையின் மூன்றாவது பொத்தானில் கை அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரைத் தேடிக் கை போனது. சுவர் கிடைக்கவில்லை.

மனிதர்கள் மயங்கி விழும்போது மெதுவாகச் சரிவார்கள் என்று டீச்சர் நினைத்திருந்தாள். அவர் அப்படி விழவில்லை. கேபிள் அறுந்த சுமை மாதிரி விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் டீச்சர் செய்தது எதுவுமில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். சின்னவள் ஓடிவந்து கழுத்தில் விரல் வைத்தாள், யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், உடனே மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். அவள் உடல் எடை முழுதும் அந்தக் கைகளில் இறங்கியது. மாமா மாமா என்று கூப்பிடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

தள்ளுவண்டி வந்தது. அதன் மேல் திரையோடு ஒரு மெஷின். நர்ஸ் சட்டையைக் கிழித்து, வலது தோளுக்குக் கீழே ஒன்றும் இடது விலாவில் ஒன்றுமாக இரண்டு பெரிய ஒட்டுகளை ஒட்டினாள். திரையில் வந்ததைக் கோடு என்று சொல்ல முடியாது. ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கி முறுக்கிப் பெரிதாகியும் சின்னதாகியும் எதுவோ ஓடியது.

"தள்ளி நில்லுங்க. யாரும் தொடாதீங்க" என்றாள் நர்ஸ்.

சின்னவள் கையை எடுத்தாள். மின்னதிர்ச்சியில் உடல் ஒருதரம் தூக்கிப் போட்டது. சின்னவள் மறுபடி அழுத்தினாள். டீச்சருக்கு அது ரொம்ப நேரமாகத் தெரிந்தது. ரொம்ப நேரமில்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் கை மெல்ல அசைந்து, அழுத்துகிற கையைத் தள்ளப் பார்த்தது. திரையில் ஒழுங்கான மேடும் பள்ளமும் வந்திருந்தன.

கிரேன்காரர் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார்.

"கேபிளை எவன்டா அறுத்தது" என்றார்.

சின்னவள் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமுமாக, ஒரு நாள் பூரா மாட்டியிருந்தப்ப சமர்த்தா இருந்துட்டு கழட்டினதும் வருதே, இதுக்கு என்னதான் பண்றது என்று யாரையும் பார்க்காமல் புலம்பினாள். ஆனால் அதிர்ச்சி கொடுத்த மெஷின் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. அவர் ஒளித்து வைத்தது அந்தத் தாளில் இருந்தது.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு மேலே ஒரு திரை. பச்சைக் கோடு அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா வந்து நின்றுகொண்டே பேசினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். இவருக்கு அந்தத் தயாராகிற நேரம் நீளம். திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டு, தயாராகும் முன்பே அடுத்த துடிப்பு வந்து இடித்தால் தாளம் சிதறிப்போகும். பழைய ஈ.சி.ஜி.களில் அது எல்லைக்கோட்டில் இருந்தது, சிலருக்கு அப்படித்தான் ஆட்டம் காட்டும், இன்று எடுத்ததில் தெளிவாகத் தெரிகிறது. மாத்திரை கொடுக்கிறோம். அதோடு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். எந்நேரமும் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் அதுவே உள்ளிருந்து அதிர்ச்சி கொடுத்துத் திருத்தும். அடுத்த முறை இவர் விழும்போது பக்கத்தில் தள்ளுவண்டி இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

"அதை வெச்சுக்கிட்டு கிரேன் ஏறலாமா?" என்றார் கிரேன்காரர்.

ஏற முடியாது என்றார் டாக்டரம்மா.

"அப்ப வேண்டாம்."

டீச்சர் திறந்த வாயை மூடினாள். கத்தக் கூடாது. தான் கத்தியதால்தான் அவர் விழுந்தார் என்று அவள் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள். சின்னவளிடம் தனியாகக் கேட்டும்விட்டாள். சின்னவள், உன் குரல் இல்லேன்னா ஒரு லாரி ஹாரன், அதுவும் இல்லேன்னா ஒரு போன் மணி, என்னிக்கோ எங்கேயோ வந்திருக்கும்க்கா, நல்லவேளை இங்கே வந்துச்சு என்று சமாதானம் சொன்னாள். சமாதானம் காதில் ஏறியது, வயிற்றில் இறங்கவில்லை.

ஆனால் கோபம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. செத்துப் பிழைத்தவர் முதலில் கேட்டது கிரேனைப் பற்றி. அவள் நின்ற இடத்தைக்கூட அவர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததோடு, மார்பில் அரிக்கிறது என்று ஒரு ஒட்டைப் பிய்த்தார். திரை அலறியது. இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி ஒட்டைத் திரும்ப ஒட்டிவிட்டு, இனி தொட்டால் கையைக் கட்டிவிடுவேன் என்று சொல்லிப் போனாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா? சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

யாரும் இல்லை என்றார் அவர்.

"உங்க தம்பி?" என்றாள் டீச்சர்.

"அவன் தண்ணியில போனான். அது வேற."

டாக்டரம்மா பேனாவை மூடவில்லை. எப்படி என்று கேட்டார். கிரேன்காரர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேலே பச்சைக் கோடு கொஞ்சம் நெருங்கி ஓடியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தம்பி மூழ்கிவிட்டான் என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னைவிட நல்லா நீந்துவான். சிரிச்சுக்கிட்டே குதிச்சான். ரெண்டு கை போட்டான், அவ்வளவுதான். நான் கரையில நிக்கிறேன். விளையாடறான்னு நினைச்சேன். தண்ணி என் நெஞ்சு ஆழம்கூட இல்ல, டாக்டர்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுதான் டீச்சரைப் பயமுறுத்தியது. இது ரத்தத்தில் வருகிற கோளாறாக இருக்கலாம், தம்பிக்கும் இதுவே நடந்திருக்கலாம், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா, உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், எடுத்துப் பார்க்கிற வரைக்கும் நீச்சல் கூடாது, ஓட்டம் கூடாது, திடுக்கிட வைக்கிற எதுவும் கூடாது என்றார்.

கிரேன்காரர் முதல் முறையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சிட்டு" என்றார்.

டீச்சர் ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பை ஏதோ ஒரு பெஞ்சின் அடியில் கிடக்கும், போன் பைக்குள் கிடக்கும். கோச்சின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"எனக்குப் பெட்டி வைக்கிறதை அப்புறம் பேசிக்கலாம். நீ போ" என்றார் அவர். அப்போதும் சரி என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்கவும், அதற்காக எரிச்சல்படவும் டீச்சருக்கு அந்த அவசரத்திலும் இடம் இருந்தது.

வாசல் வரை கூடவே ஓடிவந்த சின்னவள் டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவ ஓடிக்கிட்டிருந்தா பின்னால இருந்து கூப்பிடாதே. கத்தாதே. முன்னாடி போய் அவ கண்ணுல படு."

*

டாக்ஸி சிக்னலுக்கு சிக்னல் நின்றது. டிரைவரை அவசரப்படுத்த வேண்டும் என்று தோன்றியும் குரல் எழவில்லை. கொஞ்சம் சீக்கிரம் போக முடியுமா என்று யாரிடமோ கடன் கேட்பது போலக் கேட்டாள். முன்னால் நிற்கிற வண்டியையெல்லாம் நானா ஓட்டுகிறேன் என்று டிரைவர் நியாயம் பேசினார். மைதானத்துக்கு முந்தைய தெருவிலேயே இறங்கி நடந்தாள். நடை ஓட்டமானது.

வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கோட்டில் நின்றிருந்தார்கள். சிட்டு நடுவில். கைகளை உதறிக்கொண்டு, குனிந்து, விரல் நுனிகளைத் தரையில் ஊன்றினாள். பக்கவாட்டில் ஒருவர் துப்பாக்கியைத் தூக்கத் தயாராக நின்றார்.

ஒரு குரல் போதும். டீச்சரின் குரல் அந்த மைதானத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி வரும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளி, புல்லைக் குறுக்கே கடந்து, ஓடுபாதைக்குள் நேராக நடந்தாள். துப்பாக்கிக்காரரைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். அவர் கையைத் தாழ்த்தி, யார் இந்த அம்மா என்று கோச்சைக் கேட்டார்.

சிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள், போய்விடு, ஓடி முடித்ததும் வருகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். டீச்சர் அவள் முன்னால் பாதையிலேயே உட்கார்ந்தாள். ஓடிவந்த களைப்பில் உட்கார்ந்தாள். போராட்டத்துக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. கோச் விரைந்து வந்தார். இந்த ஒரு ஓட்டத்துக்காக ஒரு வருஷம் உழைத்திருக்கிறாள் என்று தொடங்கினார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்பா ஆஸ்பத்திரியில விழுந்துட்டாரு. இப்ப பரவாயில்ல. பேசறாரு" என்றாள் மகளிடம். நோய்வாய்ப்பட்ட குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற குரல். அந்தக் குரலைச் சிட்டு கேட்டு வருஷங்கள் ஆகியிருக்கும்.

சிட்டுவின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் குனிந்து அம்மாவின் எதிரில் குந்தினாள். ஓடவிருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கோட்டை விட்டு எழுந்தார்கள்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சதாம்மா? அப்புறம் சத்தமெல்லாம் தூரமா போயிட்ட மாதிரி? பக்கத்துல பேசறவங்க வாய் மட்டும் அசையற மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் அவளையே பார்த்தாள். தனக்கு எப்படி இருந்தது என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று டாக்டர் கேட்டபோதும் தெரியாது என்றுதான் சொன்னார்.

"அப்பா அப்படி எதுவும் சொல்லலையேடி" என்றாள்.

சிட்டு கோச்சை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஷூ லேஸைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.